ஜன்னல் கம்பி

வெப்ப இயக்கவியல், இரண்டாம் ஆண்டு.
போன செட்டில் அறுபத்திரண்டு பேர்;
நாற்பத்தொரு அரியர்.
"பிள்ளைகள் சரியில்லை மேடம்,
பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடுகிறது"
என்றார் துறைத்தலைவர்.
நானும் தலையாட்டினேன்.
ஆட்டிய தலை
வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை.

முதல் பெஞ்சு தலைமடை,
கடைசி பெஞ்சு கடைமடை,
அதுவரை தண்ணீர் எட்டுவதில்லை என்று
ஓர் உவமை வைத்திருந்தேன்.
புத்தொளிப் பயிற்சியில் சொல்லிக்
கைதட்டும் வாங்கினேன்.

மார்கழி. திருத்துறைப்பூண்டி. காலை ஒன்பதரை.
பனி இன்னும் மைதானத்தை விட்டு எழவில்லை.
சாக்பீஸை எடுக்காமல் கேட்டேன்:
"ஒரு கை மர பெஞ்சில்,
மறு கை ஜன்னல் கம்பியில்.
எட்டாதவர்கள் பெஞ்சின் இரும்புக் காலைத் தொடுங்கள்.
எதற்கு வெப்பநிலை குறைவு?
இரும்பு என்றால் ஒரு விரல்,
மரம் என்றால் இரண்டு,
சமம் என்றால் மூன்று.
நெஞ்சோடு ஒட்டிக் காட்டுங்கள்,
பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டாம்."

ஒற்றை விரல்கள்.
எண்ணினேன்: ஐம்பத்து மூன்று.
சுழி விதியைப் போன வாரம்தான்
எட்டு மதிப்பெண்ணுக்குக்
காற்புள்ளி பிசகாமல் எழுதித்தந்த
அதே விரல்கள்.

விடையைச் சொல்லவில்லை.
பதினான்கு வருடத்தில்
வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான்
எனக்குப் பழக்கமில்லாத செய்முறை.
"பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுங்கள்" என்றேன்.

முதலில் கூச்சம்.
யாரோ ஒரு பேனாவைத் திறந்து மூடினார்கள்.
பிறகு ரிஸ்வானா,
கூத்தாநல்லூரிலிருந்து வருபவள்,
மூன்று செமஸ்டராக என்னிடம்
வருகைப்பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள்,
செல்வராணி பக்கம் திரும்பினாள்:
"கம்பியும் ராத்திரி பூரா இந்த ரூம்லதானே கெடந்துச்சு?
அதுக்கு மட்டும் தனியா ஏசி போட்டாங்களா?"
"அப்ப ஏன்டி ஜில்லுங்குது?"
"ஜில்லுங்கறது கம்பியில்ல. ஒங் கை.
கம்பி சூட்ட வெரசா உருவுது,
மரம் மெதுவா."

யாரோ ஆய்வகத்துக்கு ஓடி
வெப்பமானியோடு வந்தார்கள்.
பஞ்சு வைத்து, நூல் கட்டிக் காத்திருந்தோம்.
பெஞ்சு இருபத்து மூன்று.
கம்பி இருபத்திரண்டரை.
"பாத்தியா, கம்பிதான் கொறச்சல்!"
"வெளிக்காத்து படுதுல்ல, பெஞ்சுக் கால்ல வை!"
அந்த அரை டிகிரிக்கு
இன்னொரு பத்து நிமிடம் போயிற்று.
விரல் கேட்டேன் மறுபடி:
மூன்று, மூன்று, மூன்று,
நடுவே பிடிவாதமாய்ச் சில ஒன்றுகள்.

மணி அடித்ததும்
"இன்றைக்குக் கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிட்டது" என்று
என் உவமையை நீட்டினேன்.
கடைசி பெஞ்சில் பூபதி சிரித்தான்.
தலைஞாயிறு பக்கம். அறுவடை நாட்களில்
மிஷின் ஓட்டப் போய்விடுவான்.
"தண்ணி வராம காயறது ஒரு வருசம் மேடம்.
வந்த தண்ணி வடியாம அழுகறது மூணு வருசம்."
சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

மடையைத் திறந்துவிட்டே நின்றிருக்கிறேன்,
மணி அடிக்கும்வரை, நுரைக்க நுரைக்க.
வடிகால் எங்கே என்று
ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

இந்தச் செட்டில் இருபத்தாறு அரியர்.
அதில் பூபதியும் உண்டு;
தேர்வன்று காலை பஸ் வரவில்லை.
ஒன்றரை அலகு நடத்தாமல் நின்றதற்கு
விளக்கம் கேட்டார்கள், எழுதிக்கொடுத்தேன்.
ரிஸ்வானா ஐம்பத்தெட்டு.
விடைத்தாளை வாங்கியவள்
நான்காம் கேள்வியில் எனக்குத்தான் தப்பு என்றாள்.
எனக்குத்தான் தப்பு.

இப்போதும் வகுப்புக்குள் நுழைந்ததும்
ஒரு கணம் கம்பியைத் தொடுகிறேன்.
ஜில்லென்கிறது.
என் கைதான்.